இசைக் கல்லூரியிலிருந்து கச்சேரி மேடை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வயலின் வாசிப்பவள். அரசு இசைக் கல்லூரி ஒன்றில் மூன்று வருடம் படித்தேன். அப்புறம் பதினெட்டு வருடமாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் எனக்குப் போன் ஓயாது. ‘சேர்க்கலாமா, சேர்த்தால் மேடை ஏறுவாளா’ என்று பெற்றவர்கள் கேட்பார்கள். படித்து முடித்த பிள்ளைகள் கூப்பிட்டு, ‘டிகிரி வந்துவிட்டது, இனி என்ன செய்வது’ என்பார்கள். ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டே வந்தேன். திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எல்லாமே கர்நாடக இசையையும் தமிழ்நாட்டையும் பற்றியவை.

“சர்டிபிகேட், டிப்ளமா, டிகிரின்னு என்னென்னவோ சொல்றாங்க. எங்கெல்லாம் படிக்கலாம் மேடம்?”

வாசல்கள் நிறையவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் உள்ளன. அங்கே குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்று ஆண்டுச் சான்றிதழ் படிப்பு. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். அதற்கு அடுத்த படி அரசு இசைக் கல்லூரிகள்: சென்னை, மதுரை, கோவை, திருவையாறு. பட்டப்படிப்புக்குப் ப்ளஸ் டூ வேண்டும். இந்தக் கல்லூரிகள் 2013-ல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

இவை தவிர சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை, சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறை, பெண்களுக்கு ராணி மேரிக் கல்லூரி, 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, தமிழ் இசைச் சங்கம் நடத்தும் தமிழிசைக் கல்லூரி ஆகியவையும் இருக்கின்றன. ஏற்கெனவே நன்றாகப் பாடுகிறவர்களைக் கச்சேரிக்குத் தயார் செய்வதற்கென்றே மியூசிக் அகாடமி 2010-ல் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. அது அடிப்படை கற்பவர்களுக்கான இடம் இல்லை.

“பொண்ணு நல்லா பாடுவா, ஆனா முறையா கத்துக்கல. காலேஜ்ல சேர்ந்து சரளிவரிசையிலேருந்து ஆரம்பிக்கலாமா?”

கச்சேரிதான் நோக்கம் என்றால், அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போவதுதான் நல்லது. சேர்க்கையின்போது பாடச் சொல்லிக் கேட்பார்கள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் தாண்டி நாலைந்து வர்ணமாவது இரண்டு காலத்தில் (வேகத்தில்) நிற்க வேண்டும். அப்படி வருகிற பிள்ளைக்குக் கல்லூரியின் மூன்று வருடமும் கீர்த்தனைக்கும் மனோதர்மத்துக்கும் (சொந்தக் கற்பனையில் ராகத்தை விரிப்பதற்கும்) கிடைக்கும். இல்லாவிட்டால் பாதிக் காலம் அடித்தளம் போடுவதிலேயே கழிந்துவிடும்.

மாவட்ட இசைப் பள்ளி ஆரம்பத்திலிருந்து சொல்லிக் கொடுப்பதற்காகவே இருப்பது. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அங்கே சேர்த்தால் பின்னால் கல்லூரி கைகொடுக்கும். பதினேழு வயதில் ஆரம்பித்தவர்கள் யாருமே மேடை ஏறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் சாதகம் (பயிற்சி) செய்தவர்கள்.

“டிகிரி முடிச்சா கச்சேரி கிடைச்சிடுமா?”

கிடைக்காது. இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கச்சேரி நடத்தும் சபா எதிலும் மார்க் ஷீட் கேட்கமாட்டார்கள். இன்றைய பெரிய பாடகர்களையே பாருங்கள். சஞ்சய் சுப்ரமண்யன் படித்தது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி. டி.எம்.கிருஷ்ணா படித்தது பொருளாதாரம். எஸ்.சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் படித்தவர். பின்னாளில் இசைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக வந்தார். இவர்கள் எல்லோருமே சின்ன வயதிலிருந்து குருவிடம் உட்கார்ந்து கற்றவர்கள். இன்னொரு பக்கம், கே.ஜே.யேசுதாஸ் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் கானபூஷணம் என்ற இசைப் படிப்பைப் படித்து வந்தவர். ஆக, கல்லூரி வழியாகவும் வரலாம், கல்லூரி இல்லாமலும் வரலாம்.

சரி, அப்படியானால் கல்லூரி எதற்கு? என் கணக்கில் மூன்று விஷயங்களுக்கு. பகல் முழுவதும் சங்கீதத்துக்கே கிடைக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் தம்புராவைத் தொட முடியும். அடுத்தது, கூட வாசிக்க ஆட்கள் கிடைக்கிறார்கள். மூன்றாவது, வீட்டில் சங்கீதச் சூழல் இல்லாத பிள்ளைக்கு இந்த உலகத்தின் பேச்சும் பழக்கமும் அங்கேதான் பிடிபடுகிறது. பெரிய வித்வான் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு கிடைப்பது அது. மற்றவர்களுக்குக் கல்லூரிதான் அந்த வீடு.

“அப்போ அந்த மூணு வருஷம் என்னதான் செய்யணும்?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

பக்கத்து வகுப்பறையில் மிருதங்கம் படிக்கிற பையன் இருக்கிறானே, அவன்தான் உங்கள் பெரிய சொத்து. வெளியில் ஒரு மிருதங்கக்காரரையும் வயலின்காரரையும் வைத்து ஒத்திகை பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்க வேண்டும். கல்லூரியில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பாட ஆள் வேண்டும். எங்கள் செட்டில் நாங்கள் நாலு பேர். மதியம் வகுப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவோம். பாடுகிற பெண் ஆலாபனை செய்வாள், அதாவது பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரிப்பாள், நான் பின்னாலேயே போவேன். அவள் மூச்சு விடும் இடத்தில் நான் முந்திக்கொண்டு பிடியை (ராகத்தின் ஒரு சிறு தொடரை) முடித்துவிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் நான் கற்றது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதே மாதிரி, பாடுகிறவர்கள் தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதிக்கு, தாளம் போட்டுப் பழக வேண்டும். அதை முடிக்கும் கோர்வை வந்து விழும்போது கை தடுமாறுகிற பாடகியை மிருதங்கக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது, பாட்டு நோட்டு. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில்தான் இன்றும் பெரும்பாலும் போகிறோம்: வர்ணம், பிறகு நாலைந்து கீர்த்தனை, விரிவான ஒரு முக்கிய உருப்படி, தனி, அப்புறம் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள். மூன்றாம் வருடம் முடியும்போது, ஒரே பாட்டு திரும்ப வராமல் மூன்று முழுக் கச்சேரி செய்கிற அளவுக்குப் பாட்டுகள் கைவசம் இருக்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை நான் இதில் சேர்க்கமாட்டேன். தூக்கத்தில் எழுப்பினாலும் நிரவல் இடம் (எந்த வரியை எடுத்துப் பல விதமாக விரிக்கலாம் என்பது) தெரிகிற பாட்டுகள்தான் கணக்கு. மூன்றாவது, கேட்பது. சென்னையில் இருக்கிறவர்கள் மார்கழியில் மதிய நேர இலவசக் கச்சேரிகளை ஒன்றுகூட விடக்கூடாது. வெளியூரில் இருப்பவர்கள் வானொலியையாவது கேளுங்கள்.

“தியரி பேப்பர் எல்லாம் எதுக்கு? 72 மேளகர்த்தா ஒப்பிச்சா பாட்டு வந்துடுமா?”

மேளகர்த்தா என்பது தாய் ராகங்களின் வரிசை. ஒப்பித்தால் வராது. புரிந்துகொண்டால் உதவும். கேட்டிராத ஒரு ராகத்தில் பாட்டு கற்க வேண்டி வந்தால், அதன் மேளமும் (தாய் ராகமும்) வக்ரமும் (ஸ்வரங்கள் நேராகப் போகாமல் வளையும் இடமும்) தெரிந்தவருக்கு வேலை பாதி. வயலின்காரர்களுக்கு இது உயிர்நாடி. மேடையில் பாடகர் முன்கூட்டிச் சொல்லாமல் அபூர்வ ராகத்தை எடுத்துவிட்டால், இரண்டு பிடிக்குள் எந்த ஸ்வரம் இல்லை என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

“காலேஜ் வாத்தியார் போதுமா, வெளியில ஒரு குரு வேணுமா?”

முன்பு நிலைமை வேறு. சென்னைக் கல்லூரி 1949-ல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் பாடகர் முசிரி சுப்பிரமணிய ஐயர். வீணை தனம்மாளின் பேத்தியான பாடகி டி.பிருந்தா அங்கே சொல்லிக் கொடுத்தார். மேடையில் கேட்கத் தவம் கிடந்தவர்களிடமே வகுப்பறையில் பாடம் கிடைத்தது. இன்றைக்கும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வகுப்பில் பத்து இருபது பேர் சேர்ந்து பாடும்போது உங்கள் ஒருவருடைய கமகத்தை (ஸ்வரத்தை அசைக்கும் விதத்தை) திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் கச்சேரிதான் குறி என்றால் தனியாக ஒரு குரு வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சில கல்லூரி ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது, பாடாந்தரம் (ஒரு குரு பாட்டைச் சொல்லித் தரும் விதம்) கலந்துவிடும் என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரே கீர்த்தனையை இருவரிடம் இரண்டு விதமாகக் கற்றால் இரண்டும் குழம்பும். நான் சொல்வது இதுதான்: மறைக்காதீர்கள். வெளியில் கற்பதைக் கல்லூரி ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பரீட்சைக்கான பாட்டுகளை அவர் பாடாந்தரத்திலேயே பாடுங்கள். கல்லூரி ஆசிரியரே தன் வீட்டில் தனியாகச் சொல்லித் தர முன்வந்தால் அதைவிடப் பாக்கியம் இல்லை. என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு மொட்டை மாடியில் பாடம். ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை.

“முதல் மேடை எங்க கிடைக்கும்?”

சபாவில் இல்லை, கோயிலில். நவராத்திரி ஒன்பது நாள், ராம நவமி உற்சவம், பிள்ளையார் சதுர்த்தி, தெருக்கோடி அம்மன் கோயில் திருவிழா. ஏற்பாடு செய்கிறவர்கள் புதியவர்களுக்கும் இடம் கொடுப்பார்கள். கேட்க வருகிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது, பாட்டு பிடித்தால் உட்காருவார்கள், இல்லாவிட்டால் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதைவிட நேர்மையான பரீட்சை கிடையாது. மைக் இரையும், நடுவில் தீபாராதனை மணி அடிக்கும். அந்த நேரத்தில் ஸ்ருதியை விடாமல் நிற்கப் பழகினால் பின்னால் எந்த அரங்கமும் பயமுறுத்தாது.

தியாகராஜருக்குத் திருவையாற்றில் தை மாத பகுள பஞ்சமியை (தேய்பிறை ஐந்தாம் நாளை) ஒட்டி நடக்கும் ஆராதனையில், புதியவர்களுக்கும் சில நிமிடங்கள் பாட வாய்ப்பு உண்டு. உள்ளூர் ஆராதனைகளில், தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டியில் உட்காருங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் உள்ள அந்த ஐந்தும் பாடமாக இருந்தால் ஊரில் உள்ள இசைக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் உங்களைப் பார்த்துவிடுவார்கள். நான் அப்படி ஒரு கோஷ்டியில் பின்வரிசையில் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் முதல் கச்சேரிக்கான அழைப்பு வந்தது. சன்மானம் முந்நூறு ரூபாயும் தேங்காய் பழமும். அந்தக் கவர் இன்னும் என் வயலின் பெட்டியில் இருக்கிறது.

“ரேடியோல ஆடிஷன் கொடுக்கணுமா? இப்போ யார் ரேடியோ கேக்கிறாங்க?”

கொடுங்கள். ஆகாசவாணியின் தரவரிசை பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று போகும். சபாக்காரர்களும் பண்பாட்டுத் துறைகளும் அழைப்பிதழ் அச்சடிப்பவர்களும் இன்னும் அந்த எழுத்தைப் பார்க்கிறார்கள். ஆள் முகம் தெரியாமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடுவதால், யார் பிள்ளை, யாருடைய சிஷ்யர் என்பதெல்லாம் அங்கே எடுபடுவது குறைவு. பின்புலம் இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய நன்மை.

நீங்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியலிலிருந்து அவர்கள் கேட்பார்கள். ஆகவே பட்டியலில் பெருமைக்காக ஒரு பாட்டும் போடக்கூடாது. நான் முதல் முறை அந்தத் தவறைச் செய்தேன். சரியாகப் பாடமாகாத ஒரு பாட்டைப் பட்டியலில் சேர்த்தேன், அதையே கேட்டார்கள். முடிவு வந்த அன்றைக்கு அழுதேன். அடுத்த முறை நன்றாகப் பழகிய தோடி, கல்யாணி, காம்போதி ராகங்களைப் போட்டுக் கொடுத்தேன், தேறினேன்.

“மார்கழி சீசன்ல ஒரு சான்ஸ் எப்படி வாங்குறது?”

பெரிய சபாக்களில் மதிய நேரம் இளையவர்களுக்கு, மாலையும் இரவும் மூத்தவர்களுக்கு. அந்த மதிய நேரம்தான் உங்கள் இலக்கு. டிசம்பருக்கு டிசம்பரில் கேட்டால் நடக்காது, பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பதிவு செய்த ஒரு கச்சேரி, ஒரு பக்கக் குறிப்பு, வானொலித் தரம், போட்டிகளில் வாங்கிய பரிசு இவற்றை அனுப்புங்கள். போட்டிப் பரிசாகவே மேடை வாய்ப்புத் தருகிற சபாக்களும் உண்டு. அதனால் படிக்கும்போதே போட்டிகளுக்குப் பேர் கொடுத்துவிடுங்கள்.

சென்னையைச் சுற்றியே ஓடாதீர்கள். திருச்சி, கும்பகோணம், கோவை, மதுரை, நாகர்கோவில் பக்கமெல்லாம் வருடம் முழுவதும் கச்சேரி நடத்தும் சபாக்களும் கோயில்களும் இருக்கின்றன. அங்கே உங்களுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். சென்னையில் பெயர் தெரியாதவருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், அதிலும் கேட்பவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக் களைப்பில் இருப்பார்கள்.

“ஒரு சபாவுல பாடணும்னா நன்கொடை கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். சபா பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பக்கவாத்தியக்காரர்களுக்கும் நாங்களே கொடுக்க வேண்டும், ஐம்பது டிக்கெட்டும் நாங்களே வாங்க வேண்டும் என்றார்கள். என் செட்டில் பாடிய பெண் தன் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் தடுத்தோம். அதே வாரம் ஒரு கோயிலில் பாடினோம்.

பணம் கொடுத்து ஏறிய மேடை அடுத்த மேடையைக் கொண்டுவருவதில்லை. அடுத்த வருடம் அதைவிட அதிகம் கேட்பார்கள். இதில் மிகவும் அடிபடுவது கிராமத்திலிருந்து வந்து கல்லூரியில் படித்த பிள்ளைகள்தான். அவர்களிடம் திறமை இருக்கிறது, கொடுக்கப் பணம் இல்லை. ஆனால் சபா அரங்க வாடகையைப் பகிர்ந்துகொள்வதும், நாலு இளைஞர்கள் சேர்ந்து ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்துத் தாங்களே கச்சேரி நடத்துவதும் வேறு விஷயம். அதில் தப்பே இல்லை, நாங்களும் செய்திருக்கிறோம்.

“நேரா கேக்கறேன் அக்கா, இதுல சோறு போடுமா?”

கச்சேரி மட்டும் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் கொஞ்சம் பேர். மற்ற எல்லோரும் நாலைந்து ஓடைகளைச் சேர்த்துத்தான் ஆறாக்குகிறோம். என் மாதத்தைச் சொல்கிறேன். நிலையான வருமானம் வகுப்புகளிலிருந்து வருகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இணையத்தில், அவர்களுக்கு அது மாலை. சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள். அதற்கு அடுத்தது நாட்டிய நிகழ்ச்சிகள். கச்சேரி மூன்றாவதாகத்தான் வருகிறது. மார்கழியிலும் நவராத்திரியிலும் நிறைய, ஆடியில் அம்மன் கோயில்கள், நடுவில் வறட்சி.

அரசு வேலை விரும்புகிறவர்களுக்கு இங்கேதான் டிகிரி பேசும். பள்ளி இசை ஆசிரியர் பணி, மாவட்ட இசைப் பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். கல்லூரியில் கற்பிக்க முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும், அல்லது முனைவர் பட்டமும் கேட்பார்கள். கச்சேரி மேடை கேட்காத மார்க் ஷீட்டை இந்த வேலைகள் கேட்கும் என்பதால், டிகிரியை அலட்சியமாக முடிக்காதீர்கள். நான் எம்.ஏ. எழுதாமல் விட்டதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

“டான்ஸ் புரோகிராமுக்கு வாசிச்சா கச்சேரிக் கை கெட்டுடும்னு எங்க சார் சொல்றார். நிஜமா?”

இல்லை. அதில் வரும் ஒழுக்கம் வேறு, அவ்வளவுதான். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஏழெட்டு ஒத்திகை இருக்கும். நட்டுவாங்கம் செய்பவரின் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துபவரின்) தட்டுக்கும், ஆடுகிற பிள்ளையின் காலுக்கும் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) இம்மி பிசகக்கூடாது. பதம், ஜாவளி என்ற நாட்டியப் பாட்டுகளை நிதானமாக, ஒரே வரியைப் பத்து விதமாக வாசிக்க வேண்டும். என் வில்லில் பாவம் (உணர்ச்சி) வந்தது அங்கேதான். பாடகர்களுக்கும் இது பொருந்தும்.

ஆபத்து ஒன்றுதான்: நேரம். கோடை விடுமுறையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அரங்கேற்றம் வரிசையாக நடக்கும், இங்கிருந்து செட்டாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். நல்ல வருமானம். ஆனால் இரண்டு மாதம் சாதகம் போய்விடும். வருடத்துக்கு இத்தனை நாட்கள்தான் நாட்டியத்துக்கு என்று நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

“பையன் நாதசுரம் எடுக்கணும்னு நிக்கிறான். அதுக்கு எதிர்காலம் இருக்கா?”

இருக்கிறது. குரலிசை படிக்கிற பிள்ளைகளுக்கு முன்பே அவன் சம்பாதிக்க ஆரம்பித்துவிடலாம். நாதசுரமும் தவிலும் இல்லாமல் இங்கே கல்யாணமும் கோயில் திருவிழாவும் நிறைவடைவதில்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் கல்லூரி மாணவர்களைக்கூட செட்டில் சேர்த்துக்கொண்டு போவார்கள். கோயில் வித்வான் பணியிடங்களும் உண்டு.

என் கவலை வேறு. தொடர்ந்து முகூர்த்தம் வாசிக்கிறவர்களுக்கு நிதானமாக ராகம் வாசிக்க இடம் கிடைக்காது. ‘கெட்டி மேளம்’ என்று யாராவது கை காட்டுவார்கள், பாட்டு பாதியில் நின்றுவிடும். அதனால் வாரத்தில் ஓர் இரவாவது வீட்டில் ஒரு தோடியை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டின்போது மணிக்கணக்கில் வாசிக்கும் வாய்ப்பு வந்தால், சம்பளம் குறைவாக இருந்தாலும் போகட்டும்.

“பொண்ணு மிருதங்கம் படிக்கிறா. பக்கவாத்தியத்துக்குக் கூப்பிடுவாங்களா?”

ஒரு காலத்தில் பெண் பாடகிகளுக்கு வாசிக்கவே பெரிய மிருதங்க வித்வான்கள் தயங்கினார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், பாடகி டி.கே.பட்டம்மாளுக்கு வாசித்தது அன்று பெரிய செய்தி. கடம் வாசித்த சுகன்யா ராம்கோபால் எத்தனையோ தடைகளைக் கடந்துதான் மேடையில் நிலைத்தார். பிறகு பெண் கலைஞர்களை மட்டுமே கொண்டு ஸ்திரீ தாள் தரங் என்ற குழுவையும் அமைத்தார்.

இன்றைக்கு நிலைமை தேவலை. ஆனால் முழுக்க மாறவில்லை. நாலாவது கேள்விக்குச் சொன்ன மரத்தடிச் செட்டுதான் உங்கள் பெண்ணுக்கு முதல் பாதுகாப்பு. கூடப் படித்த பாடகிகள் மேலே வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். படிக்கும்போதே ஐந்தாறு பாடகர்களுக்குத் தொடர்ந்து வாசித்திருக்க வேண்டும்.

“எங்க வீட்ல யாருக்கும் சங்கீதம் தெரியாது. நாங்க அந்தச் சாதியும் இல்ல. எங்க பொண்ண மேடை ஏத்துவாங்களா?”

இந்தக் கேள்வியை எல்லோரும் மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். நான் உரக்கவே பதில் சொல்கிறேன். சென்னைச் சபாக்களின் குரலிசை மேடையில் ஒரு சமூகமே அதிகமாகத் தெரிகிறது. மேடைக்கு உள்ளிருந்தே டி.எம்.கிருஷ்ணா இதைப் பற்றிப் பல வருடமாக வெளிப்படையாகப் பேசி வருகிறார். நாதசுரத்தையும் நாட்டிய இசையையும் தலைமுறைகளாகக் காத்து வந்த இசை வேளாளர் குடும்பங்களுக்கும் அதே மேடையில் உரிய இடம் கிடைக்கவில்லை. இல்லை என்று சொன்னால் உங்கள் பெண்ணை ஏமாற்றுவதாகும்.

ஆனால் அரசு இசைக் கல்லூரியில் இட ஒதுக்கீடு உண்டு, கட்டணமும் தனியாருடன் ஒப்பிட்டால் குறைவு. என் வகுப்பில் நெசவுக்காரர் மகள் இருந்தாள், ஆட்டோ ஓட்டுநர் மகன் இருந்தான். தேவாரம் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நானும் அப்படித்தான். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார், வீட்டில் இருந்தது டேப் ரிக்கார்டர் மட்டும்தான். பேச்சு வழக்கு, உடுத்துவது, எந்த மூத்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று சின்னச் சின்னதாக நிறையக் கூச்சம் வரும். உங்கள் பெண் அதற்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வானொலி ஆடிஷன், போட்டிகள், தமிழிசைச் சங்க மேடை, வெளியூர்க் கோயில்கள் ஆகியவற்றை முதலில் குறி வையுங்கள். வாசிப்பு பேசுகிற இடங்கள் அவை. நல்லெண்ணம் உள்ள மூத்த கலைஞர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். எனக்கு மொட்டை மாடியில் பாடம் சொன்னவர் என்னிடம் ஒரு நாளும் சாதி கேட்டதில்லை.

“உதவித்தொகை ஏதாவது இருக்கா?”

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். குருவிடம் மேற்கொண்டு கற்பதற்கானது. கல்லூரி இறுதியாண்டிலேயே விண்ணப்பத்துக்குத் தயாராகுங்கள். நேர்முகத் தேர்வில் பாடச் சொல்லிக் கேட்பார்கள்.

“யூடியூப், ரீல்ஸ்ல போட்டா பேர் வந்துடும்ல? எதுக்கு இவ்வளவு சுத்தணும்?”

பேர் வரலாம், கச்சேரி வருவது வேறு. ஒரு நிமிடத்துக்கு அழகாகப் பாடுகிறவர் இரண்டு மணி நேரம் தாங்குவாரா என்று சபாக்காரர்களுக்கு ரீல்ஸில் தெரியாது. அதற்குப் பதில் ஒரு முழு கீர்த்தனையை, ஆலாபனை, நிரவல், ஸ்வரத்தோடு, வெட்டு இல்லாமல், பக்கவாத்தியத்தோடு பதிவு செய்து போடுங்கள். பார்ப்பவர்கள் நானூறு பேராக இருக்கட்டும். அதில் ஒருவர் கச்சேரி ஏற்பாடு செய்கிறவராக இருந்தால் போதும். எனக்கு வந்த இரண்டு வெளிநாட்டு அழைப்பும் அப்படிப் போட்ட ஒரு பைரவி ராகப் பதிவால் வந்தவை.

குரலைத் திருத்தும் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். நேரில் பாடும்போது வித்தியாசம் தெரிந்துவிட்டால் அப்புறம் கூப்பிடமாட்டார்கள்.

“படிச்சு முடிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. பெரிய சபா ஒண்ணும் கூப்பிடல. விட்டுடலாமா அக்கா?”

இதைக் கேட்டவர் போனில் அழுதுகொண்டே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். பெரிய சபா கூப்பிட்டதா என்று எண்ணாதீர்கள். இந்த ஐந்து வருடத்தில் உங்களை இரண்டாம் முறை கூப்பிட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். முதல் முறை பரிதாபத்தில், அறிமுகத்தில், ஆள் கிடைக்காத அவசரத்தில் கூப்பிட்டிருக்கலாம். இரண்டாம் முறை கூப்பிடுவது உங்கள் சங்கீதத்துக்காக. அந்தப் பட்டியலில் கோயில், நாட்டிய ஆசிரியர், கூடப் படித்த பாடகர் எல்லோரையும் சேருங்கள். பத்துப் பேர் வந்தால் நீங்கள் ஏற்கெனவே தொழில்முறைக் கலைஞர்தான். ஒருவரும் வரவில்லை என்றால், மனசு திறந்து சொல்லக்கூடிய ஒரு மூத்தவரிடம் ஒரு முழுக் கச்சேரிப் பதிவைக் கொடுத்து எங்கே குறை என்று கேளுங்கள். ஸ்ருதி, காலப்பிரமாணம், உருப்படித் தேர்வு, பழகும் விதம், இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நான்குமே திருத்தக்கூடியவை.

அதோடு, சம்பாதிப்பது பற்றிய கேள்விக்குச் சொன்னபடி நெட் தேர்வுக்கும் படியுங்கள். வேலையில் சேர்ந்தால் கச்சேரியை விட்டதாக ஆகாது. முசிரியும் பிருந்தாவும் வகுப்பு எடுத்தவர்கள்தானே. போனில் அழுத அந்தப் பெண் பட்டியல் போட்டுப் பார்த்தார். பதினாலு பேர் வந்தார்கள். அதில் ஏழாவது பெயர் ஒரு சின்ன ஊர்ப் பெருமாள் கோயில் அர்ச்சகர், ஐந்து வருடமும் கூப்பிட்டிருக்கிறார். இந்தப் புரட்டாசியில் அங்கே அந்தப் பெண்ணின் கச்சேரிக்கு நான்தான் வயலின்.